பெட்டிக்குள் மூலைக்கு மூலை ஒரு தூண்டில்

ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒரு தூண்டில் கடை இருக்கிறது. அங்கே போய், உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஒரு தூண்டில் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை. அப்புறம்தான் என்னிடம், கணவருக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். மகனுக்கா என்றார். எனக்கு மகனே கிடையாது. எனக்குத்தான் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். சிங்கப்பூரில் ஐஸ் ஏது, ஐஸைச் சீவிச் செய்கிற ஐஸ் கச்சாங் கிண்ணத்திலா தூண்டில் போடப் போகிறீர்கள் என்றார். கடையில் நின்ற மற்ற ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அதே கடையில் முள்ளும் ஈயக்குண்டும் நரம்பும் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை விடிந்தால் பிடோக் படகுத்துறையில் என்னைப் பார்க்கலாம். என் வீட்டுக்காரருக்கு மீன் வாடையே ஆகாது. குழம்பில் கிடந்தால் மட்டும் ஆகும். இவ்வளவு காலமும் அவர் அனுப்பி நான் வாங்க வருவதாகத்தான் கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எரிச்சலாக வந்தது.

விஷயம் இதுதான். என் அண்ணன் கனடாவில் ஓர் ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். குளிர்காலத்தில் அந்த ஏரி கல்லாக உறைந்துவிடும். மேலே கார் ஓட்டலாம். பனிக்கட்டியில் துளை போட்டு, கனமான போலி இரை ஒன்றை ஆழத்தில் இறக்கி, கோலின் நுனியைத் தூக்கித் தூக்கி விட்டு அதைத் துள்ள வைப்பார்கள். இதற்கு ஜிக்கிங் என்று பெயர். அடிபட்ட சின்ன மீன் என்று ஏமாந்து, ட்ரவுட் என்கிற பெரிய ஏரி மீன் வந்து கவ்வும். தொலைபேசியில் அண்ணன் இதைச் சொல்லச் சொல்ல எனக்குக் கை அரிக்கும்.

போன முறை குளிர்காலத்தில் போனபோது, ஐஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டேன். குளிர் உனக்கு ஒத்துவராது, வெயிலில் பிறந்த உடம்பு என்றார். அண்ணன் என்னவோ பனியில் பிறந்தவர் போல. இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில், அதே சிங்கப்பூர் வெயிலில் பிறந்தவர்கள். நான் விடவில்லை. அப்போது வேறு காரணம் சொன்னார்: தூண்டில் போதாது, உனக்கென்று ஒன்றும் இல்லையே.

அவர்களிடம் உண்மையிலேயே தூண்டில் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒன்று மாப்பிள்ளைக்கு, அதாவது அண்ணன் மகளின் கணவனுக்கு. அந்தப் பிள்ளை இங்கே சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்து, கல்யாணமானபின் கனடா போனவன். கல்யாணத்துக்கு முன் அவன் பிடித்த ஒரே உயிர், காசு கொடுத்து உட்காரும் இறால் குளத்தில் பிடித்த இறால். அவனுக்குத் தூண்டில் முடிச்சுகூடப் போடத் தெரியாது. அந்த முடிச்சை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அந்த முடிச்சோடு அவன் ஐஸுக்குப் போனான். நான் சமையலறை சன்னல் அருகே நின்றேன். தூரத்தில் வெள்ளைக்கு நடுவே இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று அண்ணன், மற்றது மாப்பிள்ளை. மத்தியானம் மீனோடு வந்து தொட்டியில் போட்டார்கள். அண்ணி கத்தியை எடுத்தார். நானும் பக்கத்தில் நின்று செதிள் சுரண்டினேன். இரவு சாப்பாட்டில் மீனைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அதைச் சமைத்த இரண்டு பேரைத் தவிர.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த முறை என் தூண்டிலோடுதான் போவேன். இல்லை என்று சொல்ல அவர்களிடம் காரணம் இருக்கக் கூடாது. தப்பான தூண்டிலைக் கொண்டுபோய், அதைப் பார்த்து அவர்கள் சிரித்துவிட்டுத் திரும்ப என்னைச் சமையலறைக்கு அனுப்பவும் கூடாது.

அதனால் சரியான தூண்டில் எது என்று மாதக்கணக்கில் படித்தேன், காணொளிகள் பார்த்தேன். ஐஸில் பிடிக்கும் கோல் குட்டை. எறிய வேண்டிய வேலை இல்லை. துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நேர் கீழே இறக்குகிறோம். கூடாரம் போட்டு உட்கார்ந்தால் நீளக் கோல் கூரையில் இடிக்கும். ஆனால் குட்டை என்பதற்காகச் சோனியாக இருக்கக் கூடாது. ட்ரவுட் ஆழத்தில் இருக்கிற மீன். அங்கே அது கவ்வும்போது மேலே நாம் சுண்டினால் முள் தாடையில் ஏற வேண்டும். அதற்கு அடிப்பக்கம் விறைப்பு வேண்டும். நுனி மட்டும் இளகி, கீழே இரை துள்ளுவதை விரலுக்குச் சொல்ல வேண்டும். நரம்பு ஓடும் வளையங்கள் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈர நரம்போடு ஏறி வரும் தண்ணீர் அங்கேயே உறைந்து வளையத்தை அடைத்துவிடும். பிடி தக்கையாக இருப்பது நல்லது. உலோகம் கையுறையைத் தாண்டிக் குளிரை ஏற்றும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் செய்தித்தாளை மடிக்காமலே பதில் சொன்னார்.

"இறால் ராட் இருக்கே. அதுவும் குட்டைதானே. அதையே எடுத்துட்டுப் போ லா."

இந்த யோசனையை அவர் மட்டும் சொல்லவில்லை. தேக்காவில் சாமான் வாங்கப் போன இடத்தில் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். குட்டையாக ஒரு தூண்டில் என்றால் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது இறால் குளம்தான். இறால் தூண்டிலின் நுனி ஈர்க்குச்சி மாதிரி. இறால் மீசையால் தொட்டாலே நடுங்கும். அதில் ஜிக்கிங் இரையைக் கட்டினால் மீன் வருவதற்கு முன்பே வில்லாக வளைந்து தொங்கும். கடித்ததா இல்லையா என்றே தெரியாது. இதைச் சொன்னால், எதற்கும் ஒன்று கொண்டுபோய்ப் பார் என்பார்கள். மைனஸ் நாற்பது டிகிரி குளிரில் போய்ப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். தோற்றால் அண்ணன் எப்படிச் சிரிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு யாராவது இப்படி இறால் தூண்டில் கொடுத்தார்களா?

கடைக்காரரும் அன்றைக்குக் கடைசியில் எடுத்துக்கொண்டு வந்தது என்ன தெரியுமா? பொம்மைப் படம் ஒட்டிய இளஞ்சிவப்புச் சிறுவர் தூண்டில். குட்டையாக இருக்கிறது, பெண்களுக்கும் பொருந்தும் என்றார். நான் அதைக் கையில் வாங்கிக் கல்லாமேல் வைத்துவிட்டு, எனக்கு வேண்டியது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியுமா முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார். சிரிப்பு நின்றிருந்தது.

நீளத்தைத் தீர்மானித்தது மீன் இல்லை, பயணப் பெட்டி. கோலை இரண்டாகக் கழற்றிப் பூட்டும் வகையும் உண்டு. ஆனால் பூட்டு இருக்கும் இடத்தில் கைக்கு வரவேண்டிய சேதி பாதி செத்துப்போகும் என்று எனக்குத் தோன்றியது. ஒரே துண்டாகத்தான் வேண்டும். அது எங்கள் பெரிய பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும். தையல் நாடாவை எடுத்து, பெட்டியைத் திறந்து, மூலைக்கு மூலை அளந்தேன். மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்குள் கிடைப்பதிலேயே நல்ல விறைப்பான கோல் எது என்று பார்த்துச் சொல்லிவைத்தேன்.

கோல் வந்தது. கடைக்குள்ளேயே நரம்பு சுற்றும் ரீலை மாட்டி, நுனியில் ஒரு ஜிக்கிங் இரையைத் தொங்கவிட்டு, கடைவாசலில் நின்று தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தேன். நுனி அசைந்தது, அடி அசையவில்லை. ஜாலான் புசாரில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

இங்கேதான் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் வெளிநாடு போகிறவரின் பெரிய பெட்டி அவருடையது அல்ல. அது ஊருக்குப் பொது. கைப்பெட்டியில்தான் நம் துணிமணி. பெரிய பெட்டி சாமான் பெட்டி. பயணம் உறுதியான சேதி பரவியதுமே ஒவ்வொருவராக வீட்டுக்கு வருவார்கள். அங்கே இருக்கும் மகளுக்கு மிளகாய்த்தூள், பேரனுக்கு முறுக்கு, சம்பந்திக்குப் புடவை. போய் இறங்கியதும் அந்தப் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறக்க வேண்டும். எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். துணி அல்லாத எதுவும் அதற்குள்ளிருந்து வந்தால் அது யாருக்கோ கொண்டுவந்தது. இது யாரும் எழுதிவைக்காத சட்டம். கோல் அந்தப் பெட்டியின் மூலைவிட்டத்தில்தான் அடங்கியது. வேறு வழியில்லாமல் அதில் வைத்தேன். கைப்பெட்டி அதற்குச் சின்னது.

தைப்பூசம் கழிந்து பயணம். அதற்கு முந்திய ஒரு ஞாயிறு மாலை, தெம்பனிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் புக்கிட் மேராவிலிருந்து வந்தார்கள். மகனுக்குக் கொடுத்தனுப்பச் சாமான். அண்ணனுக்குச் சம்பந்தி, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள். வீட்டுக்காரர் காலையிலிருந்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சாமானைத் தானே அடுக்கித் தருவதாகச் சொல்லிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கறுப்பு உறையில் கோல் குறுக்கே கிடந்தது. இது என்ன என்று கேட்டார். தூண்டில் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் அடுத்த வார்த்தை சொல்வதற்குள், இவ்வளவு யோசித்து மாப்பிள்ளைக்கு வாங்கியிருக்கிறீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் உறையைத் திறந்து கோலைச் சோபாவுக்கு மேலே இரண்டு வீசு வீசினார். வீட்டுக்காரர் அசட்டுச் சிரிப்போடு நின்றார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே தேங்காய் என்னுடையது, உடைப்பது அவர்கள், பிள்ளையார் அவர்கள் பெற்ற பிள்ளை.

என்ன சொல்வது என்று நான் தடுமாறிய அந்த நேரத்தில் அந்த அம்மா கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டுவிட்டார். நமக்கு மாலை என்றால் அவர்களுக்குக் காலை. மாப்பிள்ளை அண்ணன் வீட்டுச் சமையலறையில் தடித்த சட்டையோடு ஐஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அம்மா கோலைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அத்தை உனக்கு என்ன வாங்கியிருக்கிறார்கள் பார் என்றார். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து எனக்கு நன்றி சொன்னான். பக்கத்தில் அண்ணன் முகமும் வந்தது. நல்ல காரியம் செய்தாய், அவனுடைய பழைய கோல் போன வாரம்தான் முறிந்தது என்றார். கோல் எந்த வகை என்று மேலும் கீழும் காட்டச் சொன்னார். சரியான கோல், பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய் என்றார். அண்ணன் என் தேர்வை மெச்சியது அதுதான் முதல் தடவை. அதுவும் மாப்பிள்ளையின் தூண்டிலாக.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. விட்டுவிடு, சம்பந்தி வீட்டார், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்கு என்று சொன்னதைத் திரும்பப் பிடுங்கினால் ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். எனக்கும் இது தெரியாமல் இல்லை. இரண்டு குடும்பமும் இனிமேல் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் நான் இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பெட்டியை அங்கே கொண்டுபோய் இறக்கியதும் கோல் மாப்பிள்ளை கைக்குப் போகும். உனக்குத்தான் தூண்டில் இல்லையே என்று அண்ணன் மறுபடியும் சொல்வார். நான் வாங்கிக்கொண்டுபோன தூண்டிலையே காட்டிச் சொல்வார். நான் மறுபடியும் சன்னலருகே நிற்பேன்.

அந்த அம்மா கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டேன்.

"இது எனக்கு வாங்கினது," என்றேன். "மாப்பிள்ளைக்கு இல்ல. நான் அங்க வந்து ஐஸ்ல உக்காந்து பிடிக்கப்போறேன்."

 அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை, பரவாயில்லை அத்தை, சாரி அத்தை என்று முணுமுணுத்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. யார் எதை நீட்டினாலும் அது தனக்குத்தான் என்று நினைக்கும்படி வளர்த்திருக்கிறார்கள். அங்கே அண்ணன்தான் அவனிடமிருந்து கைப்பேசியை வாங்கினார். சம்பந்தி முன்னால் என்ன பேச்சு இது என்றார். அப்புறம் பழைய பாட்டையே எடுத்தார். குளிர் உனக்கு ஒத்துவராது.

கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரைக்கு நேரே குனிந்தேன். 

"உங்க மாப்பிள்ளை புக்கிட் மேராவுல பொறந்தாரு, அண்ணா. அவருக்கு ஒத்துவந்துச்சு, எனக்கு மட்டும் ஏன் ஒத்துவராது?"

 திரை ஒரு பக்கம் சாய்ந்தது, கூரை தெரிந்தது, விளக்கு தெரிந்தது. அண்ணன் கோபத்தில் அழைப்பைத் துண்டிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு அண்ணியின் முகம் வந்தது. கைப்பேசியை அவர் வாங்கியிருந்தார். அண்ணி யாழ்ப்பாணத்திலிருந்து நேரே கனடாவுக்குக் கல்யாணமாகிப் போனவர். அதிகம் பேசமாட்டார். அவர்கள் வழக்கப்படி என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் அதே சன்னல் தெரிந்தது, சன்னலுக்கு வெளியே வெள்ளை ஏரி. எனக்குப் புத்தி சொல்லப்போகிறார், சம்பந்தியைச் சமாதானம் பண்ணச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"மச்சாள்," என்றார். "அந்தக் கடையிலை இன்னுமொண்டு எடுக்கலாமோ?"

மாப்பிள்ளைக்கா என்று கேட்டேன். வேறு யாருக்கு இருக்கும்?

"இல்லை. எனக்கு. இவ்வளவு வருசமா அந்த மீனைக் கழுவி வெட்டினதுதான். அது தண்ணிக்குள்ளாலை வாறதை நான் ஒருக்காக்கூடப் பாக்கேல்லை."

பின்னாலிருந்து அண்ணன் ஏதோ சொன்னார். அண்ணி திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சரி என்று சொல்லும்வரை. சரி என்றேன்.  அந்த ஏரி அண்ணி வீட்டுக் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

சம்பந்திகள் காப்பி குடிக்காமலே கிளம்பினார்கள். சாமானை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். ஒரே நாளில் எத்தனை பேரோடும் சண்டை போடத் தெம்பு இருந்தது. அவர் தையல் நாடாவை எடுத்து வந்தார். பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, கோல் கிடந்த மூலைகளை விட்டுவிட்டு மற்ற இரண்டு மூலைகளுக்கும் இடையே பிடித்து அளந்தார்.

"இந்தப் பக்கமும் அதே அளவுதான். கொஞ்சம் முறுக்கை எடுத்துக் கைப்பெட்டில வச்சிடலாம்," என்றார்.

மறுநாள் வேலை முடிந்து ஜாலான் புசாருக்குப் போனேன். அதே கோல் இன்னொன்று வேண்டும், மொத்த நீளம் மாறக் கூடாது, பிடி மட்டும் சற்று நீளமாக, தடித்த கையுறையோடு பிடிக்கத் தோதாக இருக்க வேண்டும், பயணத்துக்கு முன் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றேன். கடைக்காரர் குறித்துக்கொண்டார். இந்த முறை கணவருக்குத்தானே என்றார். அண்ணன் மனைவிக்கு என்றேன். அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டார்.

அந்த ஏரியின் ட்ரவுட்டை அவரளவுக்குக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அந்த ஊரிலேயே யாரும் இல்லை என்றேன். எல்லாம் செத்த பிறகு.